‘இல்லை’ என்று எழுதித் தராத தெரு

தத்தெடுக்க விண்ணப்பித்தவர்கள் ஆவணங்களைப் பதிவேற்றிய நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள் வீட்டு ஆய்வறிக்கை முடிக்கப்பட வேண்டும் என்பது விதி. ‘வேண்டும்’ என்றுதான் அதில் இருக்கிறது. ‘இயன்றால்’ என்று இல்லை. இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காப்பாற்றத்தான் கோவை ஆட்சியர் அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் சம்பளம் வாங்கினேன். என் அக்கா மகள் சுகன்யாவின் விஷயத்தில் அந்த அறுபது நாட்கள் எட்டு மாதங்களாகியிருந்தன.

இன்னொரு விதியும் உண்டு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் எண்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. பதிவு செய்த அன்று அவள் கணவன் தேவராஜுக்கு நாற்பத்தைந்து, அவளுக்கு நாற்பது. பதிவு செய்த நாளின் வயதுதான் கணக்கு என்பதால் பிழைத்தார்கள். அந்தப் பதிவு எந்தக் காரணத்தாலாவது ரத்தானால் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் கைக்குழந்தை கிடைக்காது. பதினைந்து வருடம் காத்திருந்தவளிடம் இதை நான்தான் தொலைபேசியில் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டு, “நீங்களே ஒருக்கா வந்துட்டுப் போங்க மாமா,” என்றாள்.

சிங்கப்பூருக்கு மகனைப் பார்க்க நான்கு முறை போயிருக்கிறேன். வடசென்னைக்கு, அவள் மணமாகிப் போன பிறகு, இதுதான் முதல் முறை. கடவுச்சீட்டு கேட்காத நாடுகள் மீது எனக்கு ஏனோ ஓர் அலட்சியம்.

வெள்ளிக்கிழமை போய் இறங்கினேன். மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை சிங்கப்பூரைப் போலவே குளிர்ந்து கிடந்தது. படியிறங்கியதும் நாடு மாறியது. எர்ணாவூர் செல்லும் ஷேர் ஆட்டோவில் ஏறி நூறு மீட்டர் போவதற்குள் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் நின்றுவிட்டோம். முன்னால் எத்தனை லாரிகள் என்று தெரியவில்லை. ஓட்டுநர்கள் கீழே இறங்கி லாரியின் நிழலில் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சட்டையைத் துவைத்துக் கண்ணாடியில் காயப்போட்டிருந்தார். எங்கள் ஊரில் போக்குவரத்து நெரிசல் என்றால் ஹாரன் அடிப்போம். இங்கே குடித்தனம் நடத்துகிறார்கள்.

“எப்போது நகரும்?” என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

“ஹார்பர் கேட்டு தொறந்தா நகரும் நைனா. இல்லாங்காட்டி பொங்கலுக்குதான்,” என்றார். பிறகு நான் எந்தத் தெரு என்று சொன்னதும் திரும்பிப் பார்த்தார். “அந்தக் கொயந்த வூட்டுக்கா?”

எந்தக் குழந்தை என்று கேட்டேன். அவர் தெரு முனை வந்ததும் வண்டியை நிறுத்தி, மேலே கைகாட்டினார்.

பத்தடி உயரத்துக்கு ஒரு பேனர். ‘எங்கள் இல்லத்து இளவரசி யாழினியின் காதணி விழா.’ ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. நடுவில் நீலக் கண்களோடு ஒரு குழந்தை சிரித்தது. ஓரத்தில், தேவராஜ் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டின் நண்பர்கள் பதினாறு பேர் கருப்புக் கண்ணாடியுடன். கீழே, நான் ஓய்வுபெற்ற அன்று எடுத்த படம்: ‘தாய்மாமன் ஸ்தானத்தில் கோவை ராமநாதன், கலெக்டர் (ஓய்வு)’. பதவியைப் பொய்யாகக் குறிப்பிடுவது எந்தப் பிரிவின் கீழ் குற்றம் என்று மனம் தானாகத் தேடியது. அதற்குள் வேறொன்று உறைத்தது. குழந்தை வந்துவிட்டது, எனக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தேன். ஒரே அறை, பின்னால் சமையலறை. உத்திரத்துக் கொக்கியிலிருந்து சேலையில் தூளி தொங்கியது. சுகன்யா காலில் விழுந்து எழுந்தாள். நான் தூளியை விரித்துப் பார்த்தேன். உள்ளே மடித்த பழைய துணி ஒன்று மட்டும் கிடந்தது.

“இன்னும் வரலீங்க மாமா,” என்றாள் சாதாரணமாக, பால்காரர் இன்னும் வரவில்லை என்பது போல.

விளக்கம் சொன்னது தேவராஜின் அக்கா கஸ்தூரி. காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் விலை படியும் வரை நிறுத்துவதில்லை. முதல் முறை ஆய்வுக்கு வந்த சமூகப் பணியாளர், சன்னல் கட்டையில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு இந்தத் தூசியில் மூச்சு முட்டும், வசிப்பிடத்தை மறுபரிசீலனை செய்யவும் என்று எழுதிவிட்டாராம். வேறு வீட்டுக்கு முன்பணம் வேண்டும்; தத்துக் கட்டணம் வேண்டும்; குழந்தை வேறு மாநிலத்தில் அமைந்தால் போய்த் தங்கி வரவும் செலவு உண்டு. தேவராஜிடம் பணம் இல்லாமல் இல்லை. ஆனால் அது தெரு முழுக்க இருந்தது. பதினைந்து வருடமாக அவன் ஒவ்வொரு காதுகுத்துக்கும், மஞ்சள் நீராட்டுக்கும், கல்யாணத்துக்கும் மொய் எழுதியிருக்கிறான். திரும்ப வர வேண்டுமானால் அவன் வீட்டிலும் ஒரு விசேஷம் நடக்க வேண்டும். பிள்ளையில்லாத வீட்டில் என்ன விசேஷம் நடக்கும்?

“சும்மா கேட்டுப் பாக்கலாமே,” என்றேன்.

“கேட்டா குடுப்பாங்க பெரியவரே. ஆனா அது கடன். அப்பால தெருவுல தலை நிமிந்து நடக்க முடியாது. மொய்யின்னா மரியாத,” என்றார் கஸ்தூரி. “கொயந்த எப்டியும் வரப்போவுது. காது எப்டியும் குத்தப்போறோம். கொஞ்சம் முன்னாடி குத்துறோம், அவ்ளோதான்.”

முன்தேதியிட்ட கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முன்தேதியிட்ட காது இதுதான் முதல். சமூகப் பணியாளர் மறுபார்வைக்குத் திங்களோ செவ்வாயோ வருவதாகச் சொல்லியிருக்கிறார், விழாவைத் தள்ளிவையுங்கள், குறைந்தது பேனரையாவது இறக்குங்கள் என்றேன். பேனரைக் கழற்றினால் விசேஷம் நின்றுபோனது என்று ஆகிவிடும், யாரும் வர மாட்டார்கள் என்று தேவராஜ் சொன்னான். அவன் பொதுவாகத் தரையைப் பார்த்துப் பேசுபவன். அன்று தூளியைப் பார்த்துப் பேசினான்.

அந்த ஊரில் தூசி என்பது ஒரு வானிலை. காலையில் துடைத்த தரையில் பதினொரு மணிக்கு நடந்தால் பாதம் கறுக்கும். நிலக்கரியும் சாம்பலும் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டுகிறார்கள். எல்லாருமே சரியாகத்தான் காட்டுகிறார்கள். என் வெள்ளை வேட்டி முதல் நாளே துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமை காலை ஒன்றைக் கவனித்தேன். டிவி மேல், அரிசி டப்பா மேல், என் கண்ணாடிக் கூட்டின் மேல், எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பொடி. தூளியில் மட்டும் இல்லை. சுகன்யா மணிக்கொரு தரம் அதை உதறி மாட்டுகிறாள் என்பதைப் பிறகு பார்த்தேன். பார்த்த பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை.

அன்று வண்ணாரப்பேட்டைக்குத் துணி எடுக்கப் போனோம். வழியில் காலை உணவாக, தள்ளுவண்டியில் அத்தோ வாங்கிக் கொடுத்தாள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பதார்த்தம். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். சுகாதார ஆய்வாளரின் கண்ணால் பார்க்காமல் நாக்கால் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இன்னொரு தட்டு வாங்கினேன்.

துணிக்கடை பாய் வயதானவர். பட்டுப்பாவாடைக் கட்டுகளை அவிழ்த்து, “கொழந்தைக்கு எத்தினி மாசம்மா?” என்று கேட்டார்.

“ஒம்பது மாசங்க,” என்றாள் சுகன்யா, யோசிக்காமல்.

“ஒடம்பு எப்டி? பூசினாப்லயா?”

அவள் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அக்குள்களில் பிடித்துத் தூக்குவது போல, காற்றில் ஓர் இடைவெளி வைத்துக் காட்டினாள். பாய் நாடாவை எடுத்து அந்த இடைவெளியைச் சுற்றி அளந்தார். நாடா எங்கும் தொய்யவில்லை. அளவைக் குறித்துக்கொண்டு, “கையைக் கீழ எறக்கும்மா, வலிக்கப்போவுது,” என்றார். அவள் மெதுவாக இறக்கினாள். தரையில் எதையோ நிற்கவைத்த பிறகு விடுவது போல.

தெரு திரும்பியதும் எதிர்வீட்டு நூர்ஜகான் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். குழந்தை மத்தியானம் ரொம்ப அழுதது, பசியாக இருக்கும் என்று சுகன்யாவிடம் சொன்னார். இவளும் தலையாட்டினாள். வீடு அப்போது பூட்டிக் கிடந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

ஞாயிறு பகல் தெருவை மறித்து ஷாமியானா போட்டிருந்தார்கள். வெயிலே இல்லை. வானம் முழுக்கப் பழுப்பு. நிழல் விழாத நண்பகல் எனக்குப் பழக்கமில்லை. பிரியாணி அண்டாக்கள் வந்து இறங்கின. கூட்டம் அப்படிக் கூடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. யார்டு ஆட்கள், ஏலக்காரர்கள், வியாசர்பாடியிலிருந்து உறவுகள். பித்தளைத் தட்டில் பாவாடை, வெள்ளிக் கொலுசு, வளையல். ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. அதுதான் என்னைத் தொந்தரவு செய்தது. வடசென்னைக்காரர்கள் சாவு வீட்டிலேயே கிண்டலடிப்பவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

சுகன்யாவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. எனவே தாய்மாமன் மடி என்பது அவளுடைய தாய்மாமன் மடியாயிற்று. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் துண்டை விரித்து, அதன் மேல் அந்தப் பட்டுப்பாவாடையைப் பரப்பினார்கள். பொன் ஆசாரி வந்தார். நேராக என் மடியைப் பார்த்தார். “காது இல்லாம எங்க குத்துறது?” என்று கஸ்தூரியிடம் கேட்டார். கேலியாக இல்லை, தொழில் சந்தேகமாக. கஸ்தூரி ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்துப் பாவாடையின் மேல் வைத்தார். ஆசாரி குனிந்து, தங்கக் கம்பியை அதில் ஏற்றினார்.

இதை அலுவலகக் குறிப்பு எழுதுவது போலவே எழுதுகிறேன். கம்பி இறங்கியபோது என் மடி கனத்தது. பாவாடையும் மஞ்சளும் சேர்ந்து கால் கிலோ இருக்கலாம். நான் உணர்ந்தது எட்டு கிலோ. சிறிது கூடவும் இருக்கலாம். பணிக்காலத்தில் ஆறு ஆண்டுகள் ரேஷன் கடைத் தராசுகளைத் தணிக்கை செய்தவன் நான். எடை விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை. சூடும் இருந்தது. என் இடது கை தானாக எழுந்து, விழுந்துவிடாமல் ஒன்றைத் தாங்கிக்கொண்டது. மொய் எழுதி முடிக்கும் வரை, ஏறக்குறைய இரண்டு மணி நேரம், நான் அந்தக் கையை எடுக்கவில்லை. பிறகு கால் மரத்துப்போய் தேவராஜ்தான் என்னைத் தூக்கிவிட்டான்.

முன்பணத்துக்கும் கட்டணத்துக்கும் போதுமான அளவு வந்துவிட்டது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், காற்று கொஞ்சம் சுத்தமாக வரும் இடத்தில், இரண்டு அறை வீட்டுக்கு அன்று மாலையே முன்பணம் கொடுத்தார்கள். பேனரை மறுநாள் காலை இறக்குவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை ஒன்பதரைக்கே சமூகப் பணியாளர் வந்துவிட்டார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். பையில் கணினிப் பலகை, முகத்தில் முகக்கவசம். பேனர் இறக்கப்படவில்லை. ஏணி கொண்டுவருபவன் பிரியாணி மயக்கத்தில் இருந்தான்.

அவர் பேனரைப் படம் எடுத்தார். பிறகு, விதிப்படி செய்ய வேண்டியதை விதிப்படி செய்தார்: வீட்டுக்குள் வருவதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரித்தார். யார் வந்து கேட்டாலும் நல்லதாகவே சொல்லுங்கள் என்று கஸ்தூரி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தெருவும் அப்படியே சொன்னது. குழந்தை நன்றாக இருக்கிறது என்றார் நூர்ஜகான். இப்போதுதான் முட்டி போட்டுத் தவழ்கிறது என்றார் டீக்கடை முனுசாமி. இடது கன்னத்தில் குழி விழும் என்றார் மூன்றாம் வீட்டுக்காரர். ஐந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டார். ஐந்து பேரும் இடது கன்னம் என்றே சொன்னார்கள். பேனரிலிருந்த நீலக்கண் குழந்தைக்குக் குழியே கிடையாது. பிறகு போய்ப் பார்த்தேன்.

உள்ளே வந்தவர் சன்னல் கட்டையில் விரலை ஓட்டினார். கறுப்பு. தூளிக்குள் விரலை ஓட்டினார். சுத்தம். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதினார்.

“குழந்தை எங்கம்மா?” என்றார்.

நான் எழுந்து, இது நிதி திரட்ட நடத்தப்பட்ட விழா, குழந்தை என்று எவரும் இல்லை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“சார், நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா சட்டத்துக்குப் புறம்பா ஒரு குழந்தைய வாங்கி வெச்சிருந்தா வீடு இப்படித்தான் இருக்கும். அஞ்சு பேர் பாத்திருக்காங்க. நான் மேல அனுப்பித்தான் ஆகணும். பதிவை நிறுத்தி வைப்பாங்க.”

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். விதிகளை அறிந்தவனுக்குக் கிடைக்கும் தண்டனை இது: எதிராளி சரியாகச் செய்யும்போது கோபப்படவும் முடியாது.

மின்சாரம் போயிருந்தது, விசிறி நின்று வெகு நேரமாகியிருந்தது. தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவர் விரல் பட்டதால் இருக்கலாம். கிளம்பும்போது அவர் கையை நீட்டி அதைப் பிடித்து நிறுத்தினார். சட்டென்று அல்ல, படிப்படியாக, தூங்குபவரின் தோளைத் தொடுவது போல. பிறகு தன் கையைப் பார்த்துவிட்டு வேகமாகச் செருப்பை மாட்டினார்.

செவ்வாய்க்கிழமை வேலையில் இறங்கினேன். இதற்கு மருந்து எனக்குத் தெரியும். பிறப்புப் பதிவு இல்லை, வாரிசு இல்லை, ஆட்சேபணை இல்லை என்று எத்தனை ‘இல்லை’களுக்கு நான் சான்று தயாரித்திருப்பேன். ‘மேற்படி வீட்டில் குழந்தை எதையும் நான் பார்த்ததில்லை, விசாரணையில் சொன்னது நல்லெண்ணத்தில் சொன்னது’ என்று பழுதில்லாத தமிழில் எழுதி, ஐந்து நகல் எடுத்து, தேவராஜைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஐந்து கையெழுத்து. பத்து நிமிட வேலை.

நூர்ஜகான் காகிதத்தை மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார். திருப்பித் தந்தார்.

“இத்தல கையெயுத்துப் போட மாட்டேன் நைனா.”

உண்மையில் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். அப்படியானால் அதை எழுதித் தருவதில் என்ன கஷ்டம் என்றேன்.

“வரப்போற கொயந்தய இல்லன்னு எயுதிக் குடுக்க சொல்றியா? நாளிக்கு அது வந்து, இன்னா ஆயா, என்னிய இல்லன்னு சொன்னியாமேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

இது பதிவைக் காப்பாற்றத்தான், நீங்கள் மறுத்தால் அது வரவே வராது என்று விளக்கினேன். மூன்று விதமாக விளக்கினேன். அவருக்குப் புரிந்தது, அதுதான் வேதனை. கண் கலங்கியது. கை மட்டும் பேனாவைத் தொடவில்லை.

முனுசாமி டீ ஆற்றிக்கொண்டே காகிதத்தைப் பார்த்தார். “மொய் எயுதின கை சார் இது,” என்று மட்டும் சொன்னார். டீக்குக் காசு வாங்கவில்லை. மற்ற மூவரும் வெவ்வேறு சொற்களில் இதையே சொன்னார்கள். பொய் சொல்லத் தயங்காத தெரு, உண்மையை எழுதித் தர மறுத்துவிட்டது. வீடு திரும்பும்போது தேவராஜ், “நானும் போட மாட்டேன் மாமா. தப்பா நெனச்சுக்காத,” என்றான்.

மிஞ்சியது ஒரு கையெழுத்து. தெருவைச் சேராத, மொய் எழுதாத, தாய்மாமன் ஸ்தானத்தில் மடி கொடுத்தவனுடையது.

புதன்கிழமை ராயபுரத்தில் ஒரு நோட்டரியைத் தேடிப் பிடித்தேன். மாடிப்படிக்கு அடியில் மேசை; மேலே ஒரு பழைய விசிறி; தட்டச்சுப் பெண் நான் சொல்லச் சொல்ல அடித்தாள். ‘விழாவன்று தாய்மாமன் முறையில் அமர்த்தப்பட்ட என் மடியில் குழந்தை எதுவும் வைக்கப்படவில்லை என்றும், அன்று முதல் இன்று வரை மேற்படி வீட்டில் எந்தக் குழந்தையும் இல்லை என்றும் சத்தியப் பிரமாணமாக உறுதி கூறுகிறேன்.’ நோட்டரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“ஒங்க மடில யாரும் இல்ல. அப்டித்தானே சார்?”

வழக்கமான கேள்வி. ‘ஆம்’ என்பது வழக்கமான பதில். என் வலது கையில் பேனா இருந்தது. இடது கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அது மடியின் மேல், ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்த அதே வளைவில் இருந்தது. உள்ளங்கை வியர்த்திருந்தது. அறுபத்தெட்டு வயதில் இரத்த ஓட்டம் இப்படியெல்லாம் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையை எடுக்க முயன்றேன். எடுத்தால் விழுந்துவிடும் என்று தோன்றியது.

“அப்படித்தான்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட பிறகுதான் கையை எடுத்தேன். எதுவும் விழவில்லை. சத்தமும் கேட்கவில்லை.

என்னை ரயில் ஏற்ற சுகன்யா வந்தாள். விம்கோ நகர் நடைமேடையில் கண்ணாடிக் கதவுகளுக்கு முன்னால் நின்றோம். பிரமாணப் பத்திரத்தின் நகலைக் கொடுத்தேன்; படிக்காமல் மடித்துக் கைப்பையில் வைத்தாள். செய்ய வேண்டியதைத்தான் செய்தீர்கள் என்றாள். கதவு திறந்ததும், “நீங்களாவது பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன் மாமா,” என்றாள். நான் பார்க்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். தூக்கினேன் என்பதைச் சொல்லவில்லை. பிரமாணப் பத்திரத்துக்கு முரணாக வாய்மொழி வாக்குமூலம் தருவது முறையல்ல.

பிறகு வழக்கமானவை. பத்திரத்தைத் தத்தெடுப்பு அலுவலகத்துக்கு அனுப்பினேன். நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். தூளியையும் அங்கே மாட்டியிருப்பதாக தேவராஜ் சொன்னான். ஐந்தாவது நினைவூட்டலில் அறுபது நாள் விதியை முழுவதும் எடுத்து எழுதி, ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடிட்டேன்.

பதில் கோவைக்கு, பிரமாணம் செய்தவன் என்ற முறையில் எனக்கு வந்தது. ஒன்றரைப் பத்தி. ஐயப்பாடு கைவிடப்படுகிறது, புதிய வசிப்பிடத்தின் அடிப்படையில் ஆய்வறிக்கை ஏற்கப்படுகிறது, காத்திருப்போர் பட்டியலில் தம்பதியரின் மூப்பு முதல் பதிவுத் தேதியிலிருந்தே தொடரும். அதாவது எண்பத்தைந்து எண்பத்தைந்தாகவே இருக்கும். நின்றபடியே சுகன்யாவைத் தொலைபேசியில் அழைத்து, உரக்கப் படிக்கத் தொடங்கினேன்.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மாமா,” என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் தூளிக் கொக்கி கிரீச்சிட்டது.

எதற்கு என்று கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, மீதியைப் படித்து முடித்து, கடைசியாகக் கடிதத்தின் தேதியையும் படித்தேன்: மார்ச் பதினொன்று.